பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில்

பட்டறை, ஜமுனாமரத்தூர் வழி
9.6.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள ஜெபாவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். நீ, பாப்பா ஜெனிஸ், அம்மா எல்லாரும் சுகமா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? இங்கே இரண்டு நாளாகச் சாரல். துவைத்த சட்டை காயவில்லை.

போன ஞாயிறு பேசும்போது பாதியில் அறுந்துவிட்டது. சிக்னலுக்கு மூன்றாவது வளைவுப் பாறைவரை ஏற வேண்டியிருக்கிறது. ஏறி நின்றாலும் நீ வாய் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் முடிக்கும்போது சார்ஜ் இருப்பதில்லை. அதனால் இனிமேல் கடிதம்தான். தபால்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறார்.

மார்ச்சில் வந்தபோது இருந்த பயம் இப்போது இல்லை. டவர் எட்டாத கிராமங்களுக்கு எங்கள் பட்டறையை நடத்தும் டிரஸ்ட் கொடுத்த வயர்லெஸ் செட்டுகள், சோலார் விளக்குகள் எல்லாம் எங்களிடம்தான் ரிப்பேருக்கு வருகின்றன. ஜீப் கூப்பிட வேண்டுமென்றால் அவர்களுக்கு அந்த செட்தான் வழி. துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். வரும்போது, வேண்டிய வோல்டேஜ் வைத்துச் சோதிக்கிற உன் பெஞ்ச் பவர் சப்ளையை எடுத்து வந்தேன் அல்லவா, அது மக்கர் செய்கிறது. பன்னிரண்டு வோல்ட் வைத்தால் ஒழுங்காக நிற்கிறது. திடீரென்று டிஸ்பிளேயில் எண் ஒரு துள்ளு துள்ளுகிறது. என்ன எண் என்று படிப்பதற்குள் மறுபடி பன்னிரண்டு. என் கையில் இரண்டு தடவை செய்தது. ஜூடி கையில் நாலு தடவை.

ஜூடியைப் பற்றி எழுதினேனா? திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண், டிப்ளமோ முடித்தவள். மலைப் பெண்களுக்கு ரிப்பேர் வேலை கற்றுக்கொடுக்க ஒரு பெண் டெக்னீஷியன் வேண்டுமென்று மேனேஜர் கோபால்சாமி சார் போன மாதம் சேர்த்துக்கொண்டார். கெட்டிக்காரி. உன் பவர் சப்ளை அவள் பெஞ்சில்தான் இருக்கிறது. நீ சொன்னால் அவள் பார்த்துச் சரிசெய்துவிடுவாள்.

இங்கே பலா சீசன். ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சந்தியாகப்பன்

•

கணியம்பாடி
17.6.2024

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அன்புள்ள மாமாவுக்கு ஜெபகுமாரி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். பாப்பாவுக்குச் சளி விட்டு, இப்போது பல் ஆடுகிறது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அமிர்தி பஸ் பிடித்து அவர்களே தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்தார்கள்.

பவர் சப்ளை விஷயம். நீங்கள் மலைக்குக் கிளம்பிய காலையில் பீரோ மேலே பார்த்தேன், பெட்டி இல்லை. சரி, எடுத்துப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ராணிப்பேட்டை கம்பெனியில் ஆறு வருஷம் என் டெஸ்டிங் பெஞ்சில் இருந்த பொருள் அது. பழைய சாமான்களை விற்றபோது மற்ற பெண்கள் மிக்சி வாங்கினார்கள், நான் அதை வாங்கினேன். இப்போது இன்னொரு பெண்ணின் பெஞ்சில் இருக்கிறது என்று படித்தபோது எனக்கு என்னவோ சிரிப்பு வந்தது.

கெட்டிக்காரிக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? இருந்தாலும் கேட்டதற்காக எழுதுகிறேன். முதலில் சுவர் பிளக்கைப் பாருங்கள், உங்கள் மலையில் சாக்கெட் எல்லாம் லூசாக இருக்கும். பிறகு ஃபியூஸ் உட்காருகிற இடம். மூடியைத் திறந்தால் பெரிய கெப்பாசிட்டர் இரண்டு தெரியும், தலை உப்பியிருந்தால் மாற்ற வேண்டும். கரண்டை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துக் கை வைக்கச் சொல்லுங்கள். அலுமினியத் தகட்டில் இருக்கும் பெரிய டிரான்சிஸ்டரின் திருகு இறுக்கமாக இருக்கிறதா, கால்களில் ஈயம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கட்டும்.

இவ்வளவுதான். கடைசித் தாளில் பாப்பா கிறுக்கிவிட்டாள், அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

அந்தப் பெண் எங்கே தங்கியிருக்கிறாள்?

உங்கள்
ஜெபா

•

பட்டறை
30.6.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள ஜெபாவுக்கு, நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். பாப்பாவின் பல் விழுந்ததா?

உன் கடிதத்தை அப்படியே ஜூடியிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே பார்த்தாள். பிளக், ஃபியூஸ் இரண்டும் சரி. ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டாள். சால்டரிங் பார்க்க வேண்டுமே, ஈயம் முத்து முத்தாக நிற்கிறது. நான் பதினைந்து வருஷமாகச் செய்கிறேன், எனக்கு அப்படி வராது. பயிற்சிக்கு வரும் ஐந்து மலைப் பெண்களும் அவளையே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் துள்ளல் போகவில்லை. குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூடி இப்படிக் கேட்கச் சொன்னாள்: "அண்ணா, அக்கா கையில இருந்தப்போ இது எப்பனா இந்த மாதிரி துள்ளியிருக்கா, கேட்டு எழுதுங்க. துள்ளியிருந்தா எந்த வோல்ட்ல இருக்கும்போதுன்னும் கேளுங்க." நல்ல கேள்வி என்று எனக்கும் பட்டது. மறக்காமல் எழுது.

அவள் தங்கியிருப்பது கன்னியர் மடத்துப் பெண்கள் விடுதியில். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நானும் அவளும் ஆனந்தன் டிரைவர் ஜீப்பில் போய்வருகிறோம். போன வாரம் அவள் அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். நீ வைக்கிற மாதிரியே இருந்தது.

அன்புடன்,
சந்தியாகப்பன்

•

கணியம்பாடி
8.7.2024

ஸ்தோத்திரம்.

அன்புள்ள மாமாவுக்கு, இங்கே யாவரும் சுகம். பல் விழுந்துவிட்டது, கூரைமேல் எறிந்தாயிற்று.

கருவாட்டுக் குழம்பு நான் வைக்கிற மாதிரியே இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அவனுக்கு எந்தக் கொழம்பும் ஒண்ணுதான், வுடு" என்றார்கள்.

அந்தப் பெண் கேட்டதற்குப் பதில். அந்தப் பவர் சப்ளை ஆறு வருஷம் கம்பெனியிலும் பிறகு வீட்டிலும் என் கையில் இருந்தது. ஒருநாளும் துள்ளியதில்லை. பொருளில் கோளாறு இருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காது. பிடிக்கிற கையைப் பொறுத்து அது. சிலர் குமிழை ரேடியோ திருகுகிற மாதிரி திருகுவார்கள். அவசரக் கைக்கு எந்த மெஷினும் அடங்காது. இதையும் அவளிடம் அப்படியே கொடுங்கள், டிக் அடித்துக்கொள்ளட்டும்.

முத்து முத்தாக ஈயம் வைப்பது பெரிய காரியம் இல்லை. எங்கள் லைனில் முப்பத்திரண்டு பெண்கள் அப்படித்தான் வைத்தோம். ராணிப்பேட்டைக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட வந்தபோது கம்பெனி கேட்டுக்குள் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தீர்கள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் இங்கே குறையவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெபகுமாரி

•

பட்டறை
11.8.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள ஜெபாவுக்கு, சுகம். அங்கே சுகம்தானே? ஒரு மாதமாக எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இங்கே நடந்தது மனதுக்குச் சரியில்லை.

மேலே கடைசிக் குக்கிராமத்திலிருந்து அர்ச்சுனன் என்பவர் செட்டைக் கொண்டுவந்திருந்தார். ஒன்பது கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. சின்ன ரிப்பேர்தான். முடித்துவிட்டு ஜூடி அதை உன் பவர் சப்ளையில் மாட்டிச் சோதித்தாள். நான் எதிர் பெஞ்சில் இருந்தேன். பன்னிரண்டில் இருந்து கொஞ்சம் ஏற்றக் குமிழைத் தொட்டாளாம். பட்டென்று ஒரு சத்தம், புகை. செட்டின் போர்டு கருகிவிட்டது. மாற்றுப் போர்டு சென்னையிலிருந்து வர வேண்டும். அர்ச்சுனன் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

நாலாவது நாள் அவர் தம்பி பெண்டாட்டிக்கு வலி எடுத்திருக்கிறது. ஜீப் கூப்பிட செட் இல்லை. கம்பளியில் தூளி கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள், வழியிலேயே பிரசவம். ஆண்டவர் கிருபையால் தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். ஆனால் விஷயம் டிரஸ்ட் ஆபீஸ்வரை போய்விட்டது.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஜூடி சொன்னாள்: "சார், நான் பன்னெண்டுலதான் வெச்சேன், லேசாத்தான் திருப்பினேன். அதுவா ஏறிடுச்சு. அந்தக் கொமிழு உள்ள இன்னாமோ இருக்கு, தெறந்து பாக்கறேன்." மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் உன் கடிதத்தைக் காட்டினேன். சொந்தக்காரியே இத்தனை வருஷம் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதியிருக்கும்போது, கை தவறியிருக்கும் என்று அவர் முடிவுக்கு வந்தார். ஜூடி குமிழை அதிகமாகத் திருப்பியதை நான் பார்த்ததாக எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் பார்த்தது புகையைத்தான், அவள் கையை அல்ல. அதை எழுதவில்லை.

பவர் சப்ளையைத் துணி போட்டு மூடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

சந்தியாகப்பன்

•

கணியம்பாடி
16.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது.

அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது? ஆணா பெண்ணா?

அந்தப் பெண்ணை என்ன செய்வார்கள்? வேலையில் வைத்திருப்பார்கள்தானே? உடனே எழுதுங்கள்.

ஜெபா

•

பட்டறை
8.9.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள ஜெபாவுக்கு,

நலம். இன்று மாதா பிறந்தநாள், பூசை முடிந்து எழுதுகிறேன். பெண் குழந்தை. நன்றாக இருக்கிறது என்று அர்ச்சுனன் சொன்னார்.

ஜூடியை அனுப்பிவிட்டார்கள். தகுதிகாண் காலம் முடியாததால் நோட்டீஸ் எதுவும் இல்லை. பயிற்சிப் பெண்கள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. கிளம்புகிற அன்று அவள் என்னிடம் வந்து, "அண்ணா, நீங்க என் கையைப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

நீ அடிக்கடி அவளைப் பற்றிக் கேட்டது எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி. எது எப்படியோ, இப்போது அவள் இல்லை. இனி உன் மனசு நிம்மதியாக இருக்கட்டும்.

அன்புடன்,
சந்தியாகப்பன்

•

கணியம்பாடி
19.9.2024

அன்புள்ள ஜூடிக்கு,

ஸ்தோத்திரம். நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என்னை உனக்குத் தெரியாது. நான் சந்தியாகப்பன் மனைவி ஜெபகுமாரி. உன் விலாசத்தை ஆனந்தன் டிரைவருக்குப் போன் செய்து வாங்கினேன். உன் நம்பரும் கொடுத்தார். மூன்று நாள் நம்பரைப் போட்டுப் போட்டுக் கட் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பவர் சப்ளை துள்ளும். எனக்குத் தெரியும். கம்பெனியில் இருந்த கடைசி வருஷத்திலிருந்தே தெரியும். வோல்டேஜ் குமிழுக்கு உள்ளே கரித்தடத்தின்மேல் ஒரு சின்ன உலோக நாக்கு ஓடுகிறது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் அந்தத் தடம் தேய்ந்துபோயிருக்கிறது. நாங்கள் எப்போதும் அந்த இடத்திலேயே வைத்துத் திருப்புவோம், அதனால். நாக்கு அங்கே வரும்போது ஒரு கண்ணிமைப்புக்குத் தொடர்பு விடும். விட்டால் எவ்வளவு கொடுப்பது என்று மெஷினுக்குத் தெரியாது, இருப்பதையெல்லாம் கொடுத்துவிடும். முப்பதுக்கு மேலே போகும். நான் எப்போதும் வயரைக் கழற்றிவிட்டு வோல்டேஜ் வைத்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன். இத்தனை வருஷமாக அது என் கைக்குப் பழக்கம். உன் கைக்கு யார் சொன்னார்கள்?

மாமா முதன்முதலில் கேட்டபோதே இதை எழுதினேன். கடைசித் தாளில் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, குழந்தை கிறுக்கிவிட்டது என்று எழுதினேன். இரண்டாவது தடவை நீ கேட்டாய், எந்த வோல்ட்டில் என்றுகூடச் சரியாகக் கேட்டாய். அதைப் படித்ததும் எனக்கு எரிந்தது. நீ கண்டுபிடிக்க இன்னும் ஒரு படிதான் இருக்கிறது என்று தெரிந்தது. ஒருநாளும் துள்ளியதில்லை என்று எழுதினேன். பொய்.

அவர் உன்னைப் புகழ்ந்ததால் என்று நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எந்தப் பெண்ணோடு ஜீப்பில் போகிறார் என்று ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆனால் உன்னை அனுப்பிவிட்டார்கள், இனி நிம்மதி என்று அவர் எழுதியபோது நிம்மதி வரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் பயம் இருக்கவில்லை. காலையில் ஒன்பது மணிக்கு நீ அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாய், குமிழைத் திருப்புவாய், மீட்டர் முனையை வைப்பாய். அதே ஒன்பது மணிக்கு நான் இங்கே பருப்பு கழுவிக்கொண்டிருப்பேன். அதுதான் என்னைத் தின்றது.

இதனால் ஒரு குழந்தை காட்டுப் பாதையில் பிறந்தது. உனக்கு வேலை போனது. மன்னிப்பு கேட்க எனக்கு வாயில்லை. இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அதற்காகத்தான் முழுப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜே. ஜெபகுமாரி

•

திருப்பத்தூர்
20.10.2024

திருமதி ஜெபகுமாரி அவர்களுக்கு,

வணக்கம். அம்மாவும் நானும் சுகம். அங்கே உங்கள் மகள் சுகம் என்று நினைக்கிறேன்.

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். நீங்கள் கிழித்த தாளோடு கணக்குச் சரி.

குமிழில்தான் கோளாறு என்று நானும் கண்டுபிடித்திருந்தேன். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தபோதே சொன்னேன். "சொந்தக்காரியே இல்லன்றாங்களே, நீ எப்படிம்மா சொல்ற" என்றார். எனக்கும் அந்தக் கடிதத்தின்மேல் நம்பிக்கை இருந்தது. நீங்கள் எழுதிய முதல் கடிதத்தை வைத்துத்தான் அந்த மெஷினைப் படித்தேன். மூடியைத் திறந்தபோது உள்பக்கத்தில் பென்சிலால் "ஜெ.கு., பெஞ்ச் 14" என்று எழுதியிருந்தது. பயிற்சிப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்க, இதுவும் ஒரு பொம்பள கையிலதான் இருந்திருக்கு" என்றேன். உங்களை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. என்னை வேலைக்கு எடுக்கும்போதே மேனேஜர் சொன்னார். முதலில் சந்தியாகப்பன் அண்ணாவின் மனைவியைத்தான் கேட்டார்களாம். டிப்ளமோ, ஆறு வருஷ அனுபவம், சொந்தமாகக் கருவிகூட இருக்கிறது, குடும்பத்தோடு தங்க இடம் தருகிறோம் என்றார்களாம். உங்களுக்கு விருப்பமில்லை, வீட்டில் முடியாத அம்மாவும் சின்னக் குழந்தையும் இருக்கிறார்கள் என்று அண்ணா சொல்லிவிட்டாராம். அதன் பிறகுதான் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து என்னை எடுத்தார்கள்.

நீங்கள் வேண்டாம் என்று சொன்ன இடத்தில்தானே நான் உட்கார்ந்தேன்? பிறகு ஏன் இப்படி?

உங்கள் கடிதத்தை நகல் எடுத்து டிரஸ்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் காட்டச் சொன்னதால் அல்ல. சொல்லாவிட்டாலும் அனுப்பியிருப்பேன்.

இப்படிக்கு,
ஜூடி

•

கணியம்பாடி
28.10.2024

மாமாவுக்கு,

நாங்கள் சுகம்.

ஜூடிக்கு நான் எழுதியது இதற்குள் உங்கள் ஆபீசுக்கு வந்திருக்கும். படித்திருப்பீர்கள். அது அத்தனையும் உண்மை. என் பொய்யை நம்பி நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தப் பாவம் என்னுடையது, உங்கள் முன்னால் தலை குனிகிறேன்.

இப்போது உங்களுடையது. என்னை வேலைக்குக் கேட்டார்களா?

ஜூடியின் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன். முடியாத அம்மா என்ற இடத்தில் நிறுத்தினார்கள். "இன்னாது? என் பேரையா சொன்னான்? எனக்கு இன்னா வந்துச்சு? நான் பஸ் ஏறி ஊர் ஊரா போயிட்டு வர்றேன். வூட்ட பூட்டினு நானும் மலைக்கு வந்திருப்பனே, என்னை எவன் கேட்டான்?" என்றார்கள். கடைசியில், "உங்க மாமனாரும் என்னைக் கேக்காமத்தான் என் தறிய வித்தாரு" என்றார்கள். இது எனக்குப் புதிது. இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது.

நான் பொறாமைப்பட்டேன். கெட்ட புத்தி என்று என்னையே திட்டிக்கொண்டு, பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டேன். என்னுடையது இல்லாத ஒன்றுக்கு ஆசைப்படுகிறேனே என்று வெட்கப்பட்டேன். அது என்னுடையதுதான் என்று உங்களுக்குத் தெரியும். நாலு கடிதம் எழுதினீர்கள், ஒன்றிலாவது சொன்னீர்களா? என் பெட்டியை எடுத்துப் போனீர்கள், என்னை விட்டுவிட்டுப் போனீர்கள்.

ஏன் என்று மட்டும் எழுதுங்கள். அம்மா, குழந்தை என்று எழுதாதீர்கள்.

ஜெபகுமாரி

•

பட்டறை
1.12.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள ஜெபாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அங்கே எல்லோரும் சுகமா? எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பாறைக்கும் போகவில்லை, போனில் உன் குரலைக் கேட்கப் பயம்.

கேட்டார்கள். மார்ச் கடைசியில், நான் சேர்ந்து இரண்டாவது வாரம். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மேனேஜர், "இது யாருதுப்பா?" என்றார். உன்னைப் பற்றிச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "அவங்கள கூட்டினு வா. ரெண்டு பேருமே இருங்க" என்றார். அதற்குமேல் ஒன்று சொன்னார்: "அவங்க வந்தா பட்டறையையே அவங்க கிட்ட குடுத்துடலாம் போலகீதே."

அந்த வார்த்தைதான். நான் ஐ.டி.ஐ. நீ டிப்ளமோ. ராணிப்பேட்டையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கு நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை தெரியுமா? நீ தலை நிமிராமல் ஒரு போர்டை எடுத்தாய், இரண்டு இடத்தில் முனை வைத்தாய், ஓரமாக வைத்தாய், அடுத்ததை எடுத்தாய். நான் அரை நாள் தேடுவதை நீ அரை நிமிஷத்தில் கண்டுபிடித்தாய். பஸ்ஸில் வரும்போது உன் பக்கத்தில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. பாப்பா பிறந்து நீ வேலையை விட்டபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இதை யாரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. ஜூடியை என்னால் புகழ முடிந்தது. அவள் என் வீட்டுக்கு வரப்போவதில்லை.

நீ என்னைவிடப் பரவாயில்லை. உன் பொறாமையை முன்பின் தெரியாத ஒருத்திமேல் காட்டினாய். நான் கட்டின பெண்டாட்டிமேல்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதத்தின் நகல் வந்ததும் மேனேஜர் அலமாரியைத் திறந்தார். எல்லார் முன்னாலும் நான் மீட்டரை மாட்டி, குமிழை மெல்லத் திருப்பினேன். பதின்மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே தாவலாக முப்பத்துமூன்று காட்டியது. பயிற்சிப் பெண்களில் ஒருத்தி அழுதுவிட்டாள். நான் என் எழுத்தை வாபஸ் வாங்கினேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன் என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் என்னைப் பெஞ்சில் உட்காரக் கூடாது என்று சொல்லி, கிராமங்களுக்கு செட் சுமந்துபோகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். நியாயம்தான். அர்ச்சுனனின் செட்டை நானே தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன். அந்தக் குழந்தையைப் பார்த்தேன்.

ஜூடியை மறுபடி கூப்பிட மேனேஜரே நேரில் போனார். "நன்றி சார். எனக்கு வேற எடத்துல வேலை கெடைச்சிடுச்சி. தப்பு என் மேல இல்லன்னு ஒரு லெட்டர் குடுங்க, அது போதும்" என்றாளாம். கொடுத்துவிட்டார்கள்.

அந்த இடம் காலியாக இருக்கிறது. உன் குற்றத்தை நீயே எழுதியதை வைத்து இரண்டு கூட்டம் பேசினார்கள். ஆறு மாதம் தற்காலிகமாக எடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. மேனேஜர் உனக்குத் தனியாக எழுதுவார், என் வழியாகச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் முந்திக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ வரலாம், வராமல் இருக்கலாம். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

சந்தியாகப்பன்

•

பட்டறை, ஜமுனாமரத்தூர் வழி
2.2.2025

அன்புள்ள ஜூடிக்கு,

ஸ்தோத்திரம். நீயும் அம்மாவும் சுகம்தானே? புது வேலை பிடித்திருக்கிறதா?

பொங்கல் கழித்து நான் இங்கே வந்துவிட்டேன். நீ உட்கார்ந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது முறை. பாப்பாவை மடத்துப் பள்ளியில் சேர்த்தாயிற்று. அத்தையும் வந்துவிட்டார்கள். வந்த மறுநாளே சந்தையில் மூன்று பேருடன் சிநேகம். மாமாவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அதிகம் பேசிக்கொள்வதில்லை. சாயந்தரம் செட்டை இறக்கி வைத்துவிட்டு, "இத பாரு, எனக்குப் புரியல" என்று என்னிடம் கொடுக்கிறார். முன்பு அப்படிக் கேட்டதில்லை. கேட்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கிக்கொள்கிறேன்.

புதுக் குமிழ் போட்டாகிவிட்டது. இப்போது துள்ளவில்லை.

இங்கே டிராயர் ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. பெண்கள் எதைச் செய்தாலும், "ஜூடியக்கா இப்டி சொல்லமாட்டாங்க, ஜூடியக்கா வேற மாதிரி சொல்வாங்க" என்கிறார்கள். நேற்று ஒருத்தி என் சால்டரிங்கைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா அக்காது இன்னும் வழவழன்னு இருக்கும்" என்றாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எரிந்தது. அதே எரிச்சல். அது போய்விடும், நான் திருந்திவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசைதான். போகவில்லை.

நான் அவளிடம், "அந்த அக்கா எப்படி வெப்பாங்க, காட்டு" என்றேன். அவள் என் கையிலிருந்து சால்டரிங் இரும்பை வாங்கிக் காட்டினாள். முனையை எடுப்பதற்கு முன் ஒரு மூச்சு நேரம் பொறுக்கிறாய் நீ. எங்கள் லைனில் அதற்கு நேரம் கொடுக்க மாட்டார்கள். நான் மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்றாவது கொஞ்சம் சரியாக வந்தது.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

ஜெபகுமாரி